எங்கள் கட்டிங் மாஸ்டருக்கு எச்.ஐ.வி.: கம்பெனி என்ன செய்ய வேண்டும்?

பின்னலூர் (திங்கள், இரவு 10.50)

வணக்கம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஆபீஸ் மேனேஜராக இருக்கிறேன். ஏற்றுமதி யூனிட், சுமார் 180 பேர் வேலை செய்கிறோம். ஆள் யாரென்று தெரிந்துவிடக் கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.

எங்கள் கட்டிங் மாஸ்டர் 11 வருடமாக இருக்கிறார். துணியை விரித்து அடுக்குப் போடும்போதே இத்தனை கிலோவுக்கு இத்தனை பீஸ் வரும் என்று சொல்லிவிடுவார், தப்பாது. ஏழெட்டு மாதமாக மாதம் ஒரு நாள், அதுவும் வாரத்தின் நடுவில், லீவு கேட்டுக்கொண்டிருந்தார். ஷிப்மென்ட் நெருக்கத்தில் ஆட்கள் இப்படி நின்றுவிடுகிறார்களே என்று, லீவு போட்டால் அத்தாட்சி காட்ட வேண்டும் என ஒரு விதி கொண்டுவந்தோம். கொண்டுவந்தது நான்தான். அவர் அரசு ஆஸ்பத்திரிச் சீட்டைக் கொண்டுவந்து, வருகைப் பதிவு பார்க்கும் டைம் ஆபீஸில் கொடுத்தார். சீட்டின் மூலையில் மூன்று எழுத்தில் ஒரு முத்திரை. டைம் ஆபீஸ் பையன் அது என்னவென்று போனில் தேடிப் பார்த்திருக்கிறான். சாயங்கால டீக்குள் விஷயம் செக்கிங் டேபிள் வரைக்கும் போய்விட்டது.

மறுநாளிலிருந்து தண்ணீர் டிரம் மேல் இருக்கும் டம்ளரை யாரும் தொடவில்லை. அவரவர் வீட்டிலிருந்து பாட்டில் கொண்டுவர ஆரம்பித்தார்கள். கட்டிங்கில் அவருக்கு உதவியாக நின்ற பையன் இடம் மாற்றிக் கேட்டான். இரண்டு டெய்லர்கள் வேறு கம்பெனிக்குப் போய்விடுவோம் என்கிறார்கள். முதலாளி நல்ல மனிதர், மாஸ்டர் மகளுக்கு இரண்டு வருடம் பள்ளிக் கட்டணம் கட்டியவர். அவரே இன்று, "கணக்கு முடித்து, மேற்கொண்டு மூன்று மாதச் சம்பளம் போட்டு அனுப்பிவிடு. 25ஆம் தேதி சரக்கு கிளம்பியாக வேண்டும்" என்கிறார்.

மாஸ்டர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. தினமும் வருகிறார், கத்தியைத் துடைக்கிறார், வெட்டுகிறார், போகிறார். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. சட்டம் என்ன சொல்கிறது, மற்ற கம்பெனிகளில் என்ன செய்தார்கள், ஆட்களிடம் என்ன பேசுவது, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜாப்வொர்க் (திங்கள், இரவு 11.20)

நானும் இதே ஊர்தான். 40 மிஷின் போட்டு ஜாப் ஒர்க் எடுக்கிறேன். மனதில் பட்டதைச் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். டெய்லர் கிடைப்பது இன்றைக்குக் குதிரைக்கொம்பு. ஒரு லைனில் இரண்டு பேர் நின்றாலே அன்றைய உற்பத்தி படுத்துவிடும். கப்பலைத் தவறவிட்டால் விமானத்தில் அனுப்ப வேண்டும், அந்தச் செலவு நம் தலையில்தான் விழும். அடுத்த ஆர்டரும் போய்விட்டால் 180 குடும்பத்துக்கும் அடி. உங்கள் முதலாளி சொல்வதில் எனக்குக் கெட்ட எண்ணம் தெரியவில்லை. மூன்று மாதத்தை ஆறு மாதமாக்கிக் கொடுக்கச் சொல்லுங்கள். மருந்துச் செலவுக்கும் ஆகும்.

நம்பிக்கை_மையத்தில்_இருந்தவள் (செவ்வாய், காலை 6.15)

பின்னலூர் தம்பி, 14 வருடம் நம்பிக்கை மையத்தில், அதாவது எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் அரசு மையத்தில், ஆலோசகராக இருந்தேன். உங்கள் மாதிரி ஆட்கள் வந்து கேட்டது மிகக் குறைவு. வேலையை விட்டு நிறுத்திய பிறகு, நிறுத்தப்பட்டவர்தான் வந்து நிற்பார்.

முதலில் மருந்துச் செலவு. எச்.ஐ.வி.யை அடக்கும் கூட்டு மருந்து அரசு மையங்களில் இலவசம். 2004 ஏப்ரல் 1ஆம் தேதி இந்தியா முழுவதும் எட்டே இடங்களில் தொடங்கினார்கள், அதில் தாம்பரம் சானடோரியமும் ஒன்று. அதற்கு முன்னால் வீட்டை விற்று மருந்து வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன், வாங்க முடியாமல் போனவர்களையும் பார்த்திருக்கிறேன். முன்பெல்லாம் எதிர்ப்புச் சக்தி ஓர் அளவுக்குக் கீழே போனால்தான் மருந்து தொடங்குவார்கள். 2017 முதல் தொற்று உறுதியானதுமே தொடங்கிவிடுகிறார்கள். இப்போது பெரும்பாலோருக்கு ஒரு நாளைக்கு ஒரே மாத்திரை. ஒழுங்காகச் சாப்பிட்டால் சர்க்கரைக்காரர், பிரஷர்காரர் மாதிரி முழு ஆயுளும் வேலை பார்க்கலாம். உங்கள் மாஸ்டருக்குத் தேவை செட்டில்மென்ட் அல்ல, வேலை.

ஏழெட்டு மாதமாகத்தான் மாதாந்திர லீவு என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அவர் மருந்து தொடங்கி அவ்வளவு காலம்தான் ஆகியிருக்கும். ஆரம்பத்தில் மாதாமாதம் வரச் சொல்வார்கள். ஆறாவது மாதத்தில் ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு என்று பார்ப்பார்கள். நன்றாக அடங்கியிருந்தால் இரண்டு மூன்று மாதத்துக்குச் சேர்த்தே மருந்து கொடுத்துவிடுவார்கள். அதாவது இப்போது நெருக்கடியாகத் தெரியும் இந்த லீவு வருடத்தில் நாலைந்து நாளாகச் சுருங்கிவிடும். அந்த நாலைந்து நாளுக்காக 11 வருட மாஸ்டரை அனுப்புவதா?

வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்கு அடங்கிவிட்டவரிடமிருந்து உடலுறவிலேயே தொற்று பரவுவதில்லை. ஐரோப்பாவில் ஒருவருக்குத் தொற்று இருந்து மற்றவருக்கு இல்லாத தம்பதிகளை வருடக்கணக்கில் கவனித்துப் பார்த்தார்கள். ஆணுறை இல்லாத உறவு 58,000 முறைக்கு மேல், அப்படி மருந்தில் இருந்தவரிடமிருந்து துணைக்குப் போன தொற்று ஒன்றுகூட இல்லை. டம்ளருக்கும் பாத்ரூமுக்கும் சாப்பாட்டுக்கும் எந்தக் காலத்திலும் இது பரவியதில்லை, மருந்து இல்லாத காலத்திலும் சரி.

ஒரு விஷயம் மட்டும் அவரிடம் தனியாகக் கேளுங்கள். பழைய கூட்டு மருந்து ஒன்றில் எஃபாவிரென்ஸ் என்று ஒன்று சேர்ந்திருக்கும். இரவில் சாப்பிட்டால் காலையில் சிலருக்குத் தலை கிறுகிறுக்கும், கெட்ட கனவு வரும். கட்டிங் மிஷின் ஓட்டுகிறவருக்கு அது ஆபத்து. இப்போது அதற்குப் பதிலாக டோலுடெக்ராவிர் சேர்ந்த மாத்திரைதான் பரவலாகத் தருகிறார்கள், அதில் அந்தத் தொல்லை மிகக் குறைவு. மாத்திரையின் பெயரைக் கேட்க வேண்டாம். "காலையில் தலைசுற்றல் ஏதும் உண்டா" என்று மட்டும் கேட்டால் போதும்.

அப்புறம், அவரைப் பற்றி மீட்டிங் போடாதீர்கள். எச்.ஐ.வி. பற்றி மீட்டிங் போடுங்கள், அதுவும் அவரிடம் கேட்டுவிட்டு. மாவட்ட எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அலகில் சொன்னால் ஆட்கள் வந்து பேசுவார்கள். காசு கிடையாது. யாருக்காவது தனியாகச் சந்தேகம் இருந்தால் 1097க்குப் போன் செய்யலாம்.

வாய்தா (செவ்வாய், காலை 9.40)

வழக்கறிஞன் நான். 180 பேர் என்று சொன்னதால் உங்களுக்கு நேராகப் பொருந்துவதைச் சொல்கிறேன்.

எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் 2017இல் வந்தது. 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 3ஆவது பிரிவு, தொற்றைக் காரணம் காட்டி வேலை தர மறுப்பதையும் வேலையிலிருந்து நீக்குவதையும் தடை செய்கிறது. வேலைக்குச் சேர்க்கும்போது எச்.ஐ.வி. பரிசோதனை கேட்பதும் கூடாது. நீக்கியே ஆக வேண்டும் என்றால், அவரால் மற்றவர்களுக்குத் தொற்றும் அபாயம் கணிசமாக இருக்கிறது, அல்லது இந்த வேலைக்கு அவர் உடல் தகுதி இல்லை என்று, கம்பெனியைச் சாராத தகுதியான மருத்துவர் எழுத்தில் சொல்ல வேண்டும். அந்தக் காகிதத்தின் நகலை அவருக்கும் கொடுக்க வேண்டும். துணி வெட்டுகிறவருக்கு அப்படி எழுதித் தர மனசாட்சியுள்ள டாக்டர் யாரும் கிடைக்க மாட்டார்.

மூன்று மாதச் சம்பளம் கொடுத்தாலும், ஆறு மாதச் சம்பளம் கொடுத்தாலும், நீக்கம் நீக்கம்தான். ராஜினாமா எழுதி வாங்கிக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அது இதைவிட மோசமாகப் போய் முடியும்.

100 பேரோ அதற்கு மேலோ இருக்கும் நிறுவனம் ஒரு புகார் அலுவலரை நியமிக்க வேண்டும். மருத்துவமனை என்றால் 20 பேரே போதும். உங்கள் கம்பெனியில் அப்படி ஒருவர் இருக்கிறாரா? இருக்க மாட்டார், நான் பார்த்த எந்த மில்லிலும் இல்லை. அந்தப் பொறுப்பை நீங்களே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். டைம் ஆபீஸ் பையனுக்கும் ஒன்று சொல்லிவையுங்கள். தொற்றுள்ளவர்கள் மேல் வெறுப்பைப் பரப்புவதும் இந்தச் சட்டத்தில் குற்றம். மூன்று மாதத்திலிருந்து இரண்டு வருடம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். கம்பெனி வாட்ஸ்அப் குழுவில் யாராவது எதையாவது போட்டிருந்தால் இன்றே எடுக்கச் சொல்லுங்கள்.

சட்டம் வருவதற்கு முன்பும் நீதிமன்றம் சும்மா இருக்கவில்லை. பொதுத்துறை நிறுவனம் ஒன்றில் தினக்கூலியாக இருந்த ஒருவரை, ரத்தப் பரிசோதனையில் தொற்று தெரிந்ததும் எடுக்காமல் விட்டுவிட்டார்கள். 1997இல் பம்பாய் உயர் நீதிமன்றம், வேலை செய்யும் உடல் தகுதி இருக்கும்போது தொற்றை மட்டும் வைத்துக் கழிக்க முடியாது என்று சொல்லிவிட்டது. அவர் பெயர் வெளியே வராமல் இரண்டு எழுத்தை வைத்தே வழக்கை நடத்தினார்கள். இன்றும் அந்தத் தீர்ப்புக்கு அந்த எழுத்துகள்தான் பெயர்.

2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில் தீர்ப்பளித்தது. 2002இல் எல்லைப் பணியின்போது ராணுவ மருத்துவமனையில் ரத்தம் ஏற்றி, அதனால் தொற்று வந்த விமானப்படை வீரர் அவர். சுமார் 1 கோடியே 54 லட்சம் ரூபாய் இழப்பீடு. வேலை கொடுத்தவரே பொறுப்பு என்றார்கள். உங்கள் முதலாளிக்கு இரண்டையும் படித்துக் காட்டுங்கள்.

ஜாப்வொர்க் (செவ்வாய், மதியம் 1.05)

வக்கீல் சார், சட்டம் சரி. ஆனால் தரையில் நடப்பதைச் சொல்கிறேன். டெய்லருக்கு விரலில் ஊசி இறங்குவது எங்கள் தொழிலில் வாராவாரம் நடக்கிற விஷயம். நகத்தோடு சேர்த்து இறங்கி, உள்ளேயே ஒடிந்துகொள்ளும். பிளையர் வைத்து இழுப்போம். மிஷின் தலையில், துணியில், தட்டில் எல்லாம் ரத்தம் இருக்கும். அடுத்த பத்தாவது நிமிடம் இன்னொருவர் அதே மிஷினில் உட்காருவார். நாளைக்கு ஏதாவது ஆனால் யார் பதில் சொல்வது? இதற்கு நேரான பதில் வேண்டும்.

நம்பிக்கை_மையத்தில்_இருந்தவள் (செவ்வாய், இரவு 8.30)

நல்ல கேள்வி, கேட்டதற்கு நன்றி. இந்தப் பயம் எல்லா டெய்லருக்கும் உள்ளுக்குள் இருக்கும், வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்த ஊசி, உள்ளே குழாய் மாதிரி ஓட்டை இருக்கும், ரத்தம் நிறைந்திருக்கும். மருந்து சாப்பிடாத தொற்றாளரின் ரத்தத்தோடு அந்த ஊசி நர்ஸ் கையில் குத்தினாலே, தொற்று வர வாய்ப்பு ஆயிரத்தில் மூன்றுதான். தையல் ஊசி ஓட்டை இல்லாத கம்பி. விரலிலிருந்து வெளியே வரும்போதே பெரும்பாலும் துடைபட்டுவிடும். மிஷினில் காய்ந்த ரத்தத்தில் இந்த வைரஸ் பரவும் நிலையில் நிற்காது. அதோடு, ஏற்றுமதி யூனிட்டில் ஒடிந்த ஊசியின் துண்டுகள் எல்லாவற்றையும் பொறுக்கி, பதிவேட்டில் டேப் போட்டு ஒட்டிய பிறகுதானே புது ஊசி தருகிறீர்கள்? அடுத்தவர் தைக்கப் போவது புது ஊசியில்தான்.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. யார் விரலில் இறங்கினாலும் ஒரே முறை. கையுறை போட்டுக்கொண்டு உதவுங்கள், ரத்தம் பட்ட இடத்தை பிளீச்சிங் கரைசலால் துடையுங்கள், பட்ட பீஸைத் தனியாக எடுத்துவிடுங்கள். எச்.ஐ.வி.யைவிட மஞ்சள் காமாலை பி வைரஸ்தான் ரத்தத்தில் வேகமாகப் பரவும், அதற்கும் இதுவே காப்பு. அப்படியும் ஏதாவது சந்தேகமாக நடந்துவிட்டால், 72 மணி நேரத்துக்குள், முடிந்தால் இரண்டு மணி நேரத்துக்குள், அரசு ஆஸ்பத்திரிக்குப் போனால் 28 நாள் தடுப்பு மருந்து உண்டு. தன் நிலை தெரிந்து மருந்து சாப்பிடும் மாஸ்டரைப் பார்த்துப் பயப்பட ஒன்றும் இல்லை. தன் நிலையே தெரியாதவர் யார் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

நடை (செவ்வாய், இரவு 11.45)

அக்கா கடைசியில் சொன்னதைப் படித்ததும் எழுதத் தோன்றியது. சங்ககிரிப் பக்கம், அப்பா காலத்திலிருந்து லாரி. தொண்ணூறுகளின் கடைசியில் எங்களிடம் ஒன்பது வண்டி ஓடியது. ஜவ்வரிசி ஏற்றி வடக்கே போவார்கள், திரும்பி வர இருபது இருபத்தைந்து நாள் ஆகும். அந்த நாளில் டிரைவர்களுக்குள் இந்த நோய் எப்படிப் பரவியது என்று சொல்லத் தேவையில்லை.

முதல் டிரைவருக்கு வந்தது தெரிந்ததும் அப்பா அவரை நிறுத்திவிட்டார். மற்ற எல்லோரும் ரத்தம் பார்த்துச் சீட்டு கொண்டுவர வேண்டும் என்றும் சொல்லிவிட்டார். அந்த வாரமே மூன்று பேர் வேறு ஆபீஸுக்குப் போய்விட்டார்கள். அவர்களுக்கு நோய் இருந்ததா இல்லையா என்று இன்றுவரை தெரியாது. பயம்தான் காரணம். மிச்சமிருந்தவர்களில் ஒருவருக்கு இருந்திருக்கிறது. அவர் சீட்டை மாற்றிக் கொடுத்துவிட்டு, காசநோயோடு இருமிக்கொண்டே வண்டி ஓட்டியிருக்கிறார். நாக்பூர் தாண்டி ஒரு டாபாவில் வண்டியை ஓரம் கட்டிப் படுத்துவிட்டார். கிளீனர் பையனுக்கு 17 வயது, இந்தி தெரியாது. வண்டி லோடோடு 11 நாள் அங்கேயே நின்றது. அப்பா போய்ச் சேர்ந்தபோது ஆள் இல்லை. சாம்பலைத்தான் கொண்டுவந்தார்.

அதற்கு அப்புறம் அப்பா ஆளே மாறிவிட்டார். சென்னை அடையாறில் இருக்கும் வி.எச்.எஸ். மருத்துவமனை மூலம் நடந்த எய்ட்ஸ் தடுப்புத் திட்டத்து ஆட்கள் லாரி நிற்கும் இடங்களில் வேலை செய்துகொண்டிருந்தார்கள். அவர்களைக் கூப்பிட்டு ஆபீஸ் வாசலிலேயே பேசச் சொன்னார். ஊரெல்லாம் புள்ளிராஜா என்ற எய்ட்ஸ் விழிப்புணர்வு விளம்பரப் பலகை நின்ற காலம் அதற்குப் பிறகுதான் வந்தது. ரத்தச் சீட்டு கேட்பதை விட்டார். தொடர்ந்து இரண்டு நடைக்கு மேல் யாரையும் அனுப்புவதில்லை, வீட்டுக்குப் போய் ஒரு வாரம் இருந்துவிட்டுத்தான் அடுத்த நடை. இன்னொருவருக்குத் தொற்று என்று தெரிந்தபோது ஆபீஸில் லோடு புக்கிங் வேலையில் உட்கார வைத்தார். அவர் போன வருடம்வரை எங்கள் ஆபீஸில் இருந்து, வயதாகி நின்றார்.

முதலில் நிறுத்திய அந்த டிரைவர் வீட்டுக்கு அப்பா பின்னாளில் அரிசி அனுப்பிக்கொண்டிருந்தார். அந்த அம்மா ஒரு தடவைகூட வாங்கவில்லை.

ஆழ்சுரங்கம் (புதன், காலை 7.00)

தென்னாப்பிரிக்காவில் ஒரு சுரங்கத்தில் 2001 முதல் 2006 வரை மின்பொறியாளராக இருந்தேன். நடை எழுதியது அங்கே பார்த்த காட்சியாகவே இருந்தது. லெசோத்தோ, மொசாம்பிக் எங்கிருந்தெல்லாமோ வந்த ஆண்கள் குடும்பம் இல்லாமல் விடுதிகளில் தங்கியிருப்பார்கள். வருடத்தில் சில நாள்தான் ஊர். சனிக்கிழமை என்றால் இறுதிச் சடங்கு. எங்கள் ஷிப்டில் பாதிப் பேர் ஏதாவது ஒரு சாவுக்குப் போயிருப்பார்கள். ஒரு வேலைக்கு ஒருவரைப் பழக்கினால் போதாது, கூட இன்னொருவரையும் பழக்கி வைத்துக்கொள் என்று மேலதிகாரி வெளிப்படையாகவே சொல்வார்.

ஆங்கிலோ அமெரிக்கன் என்ற பெரிய சுரங்க நிறுவனம் தன் ஆட்களில் சுமார் 23 சதவீதம் பேருக்குத் தொற்று இருக்கலாம் என்று கணக்கிட்டது. நாலில் ஒருவர். 2002 ஆகஸ்டில், எல்லாத் தொழிலாளிக்கும் கூட்டு மருந்தைக் கம்பெனி செலவிலேயே தருகிறோம் என்று அறிவித்தார்கள். அதற்கு முந்தைய வருடமே பக்கத்து நாடான போட்ஸ்வானாவில் டெப்ஸ்வானா வைரச் சுரங்கம் மருந்துச் செலவில் பெரும்பகுதியை ஏற்றுக்கொள்ள ஆரம்பித்திருந்தது. தர்மம் மட்டும் இல்லை அது. லீவு, மருத்துவச் செலவு, இறப்புப் பணம், புது ஆளைப் பழக்கும் செலவு எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் மருந்து கொடுப்பதே மலிவு என்று தெரிந்தது. அந்தக் கணக்குக்கு வழி விட்டதில் நம் நாட்டுக்கும் பங்கு உண்டு. ஒருவருக்கு வருடத்துக்கு 10,000 டாலருக்கு மேல் விற்ற மருந்தை, 2001 பிப்ரவரியில் சிப்லா 350 டாலருக்குத் தருகிறேன் என்றது.

மருந்து இலவசம் என்றதும் எல்லோரும் ஓடிவந்தார்கள் என்று நினைக்க வேண்டாம். ரத்தம் கொடுக்கவே வரவில்லை. முடிவு சூப்பர்வைசருக்குப் போய்விடும் என்ற பயம். சோதனை முடிவு எதுவும் சுரங்க அலுவலகத்துக்கு வராது என்பதை மாதக்கணக்கில் நடத்திக் காட்டிய பிறகுதான் வரிசை நின்றது. அதனால் உங்கள் கம்பெனியில் முதலில் சரிசெய்ய வேண்டியது டைம் ஆபீஸ் என்பது என் அபிப்பிராயம்.

அதே நாட்டில் விமானப் பணியாளர் வேலைக்குத் தேர்வான ஒருவரை, தொற்று இருந்ததால் சவுத் ஆப்ரிக்கன் ஏர்வேஸ் எடுக்க மறுத்தது. பயணிகள் விரும்ப மாட்டார்கள், போட்டி நிறுவனங்களும் எடுப்பதில்லை என்றெல்லாம் வாதாடினார்கள். 2000 செப்டம்பரில் அரசியல் சாசன நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. மற்றவர்களின் தப்பெண்ணத்தை ஒருவரின் உரிமையைப் பறிக்கக் காரணமாகச் சொல்ல முடியாது என்றது. இரண்டு டெய்லர்கள் போய்விடுவார்கள் என்று ஜாப்வொர்க் நண்பர் சொல்வதும் அந்த வாதம்தான்.

இந்தியாவில் ஆயிரத்தில் இரண்டு பேர் அளவில்தான் தொற்று. அதனால் அங்கே போட்ட கணக்கை அப்படியே இங்கே போட முடியாது. ஆனால் மாஸ்டர் இல்லாமல் ஒரு லே, அதாவது விரித்து அடுக்கிய துணி, தப்பாக வெட்டுப்பட்டால் எத்தனை கிலோ துணி போகும் என்று உங்கள் முதலாளிக்குத் தெரியுமே.

கடல்தாண்டி (புதன், காலை 10.10)

வெளிநாட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வளைகுடாவுக்குப் போக மெடிக்கலில் எச்.ஐ.வி. பார்க்கிறார்கள். இருந்தால் "அன்ஃபிட்", அவ்வளவுதான். அங்கே போய் ஒர்க் பெர்மிட் புதுப்பிக்கும்போது தெரிந்தாலும் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். சிங்கப்பூரிலும் ஒர்க் பெர்மிட்டுக்கு இந்தச் சோதனை உண்டு. என் அறைத் தோழர் ஒருவரை அப்படி அனுப்பினார்கள். ஏன் வந்தாய் என்று கேட்ட வீட்டுக்கு ஒரு பொய், ஊருக்கு ஒரு பொய். இங்கே நம்மைக் காக்கச் சட்டம் இருக்கிறதே, அதையாவது பயன்படுத்துங்கள் சார்.

இரவு_எட்டு_மணி (புதன், இரவு 10.30)

இங்கே படிப்பதோடு சரி, இதுவரை எழுதியதில்லை. நான் ஓவர்லாக் டெய்லர். ஒன்பது வருடமாக மாத்திரை சாப்பிடுகிறேன். வீட்டுக்காரர் இறந்த பிறகுதான் எனக்கும் இருப்பது தெரிந்தது. பையன் ஒன்பதாவது படிக்கிறான், அவனுக்கு இல்லை.

மாத்திரை 30 ஒரு டப்பாவில் வரும். பையில் வைத்துக்கொண்டு நடந்தால் குலுங்கிச் சத்தம் போடும். அதனால் டப்பாவுக்குள் பஞ்சு அடைத்து வைப்பேன். மேலே ஒட்டியிருக்கும் காகிதத்தை முதல் நாளே தண்ணீரில் ஊறவைத்துக் கிழித்துவிடுவேன். ஒன்றரை ஷிப்ட் ஓடும் நாளில் எட்டு மணிக்கு மிஷினில்தான் இருப்பேன். போனில் அலாரம் அடிக்கும். பக்கத்து டேபிள் அக்கா, "உன் சத்து மாத்திரை நேரம் வந்துவிட்டது" என்று அவரே சொல்வார். அவருக்குத் தெரியாது. தெரிந்தால் என்ன செய்வார் என்று எனக்கும் தெரியாது. நல்லவர்தான், ஆனாலும் பயம்.

முதல் கம்பெனியில் நம்பி ஒரு சூப்பர்வைசரிடம் சொன்னேன். இரண்டு நாளில் எனக்கு மட்டும் வேறு பாத்ரூம் போகச் சொன்னார்கள். மூன்றாவது நாள் நானே நின்றுவிட்டேன். அந்தச் சனிக்கிழமைச் சம்பளத்தைக்கூடத் தம்பியை அனுப்பித்தான் வாங்கினேன். அடுத்த கம்பெனியில் அம்மாவுக்குச் சர்க்கரை, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று சொல்லி மாதம் ஒரு நாள் வாங்கினேன். ஒரு நாள் நின்றால் அட்டெண்டன்ஸ் போனஸ் முழுசும் போய்விடும். ஒன்பது வருடத்தில் எத்தனை மாதத்துப் போனஸ் என்று கூட்டிப் பார்த்ததில்லை, பார்த்தால் மனசு கஷ்டப்படும். இப்போது மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போனால் போதும். அக்கா சொன்னது உண்மை.

பின்னலூர் சார், நீங்கள் லீவுக்குச் சீட்டு கேட்டது மற்ற கம்பெனியிலும் உண்டு. ஒரு தடவை நான் பையனுக்குக் காய்ச்சல் என்று பார்த்த பழைய சீட்டில் தேதியை மாற்றிக் கொடுத்தேன். கை நடுங்கியது. உங்கள் மாஸ்டர் உண்மையான சீட்டையே கொடுத்திருக்கிறார். உங்கள் மேல் அவ்வளவு நம்பிக்கை வைத்திருக்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

என்னிடம் யாராவது என்ன வேண்டும் என்று கேட்டால், பாவம் பார்க்க வேண்டாம் என்பேன். என்னைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தாமல் பேசினால் போதும். பீஸ் தப்பாக அடித்தால் மற்றவர்களைத் திட்டுகிற மாதிரியே திட்டட்டும்.

ஜாப்வொர்க் (புதன், இரவு 11.55)

தங்கச்சி, நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். என் 40 மிஷினிலும் எட்டு மணிக்கு மாத்திரை போடுகிற ஆள் இருக்கலாம், எனக்குத் தெரியாது. ஷிப்மென்ட் பயம் எனக்கு இன்னும் போகவில்லை, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ஆறு மாதச் சம்பளம் கொடுத்து அனுப்பச் சொன்னேனே, அதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். வக்கீல் சார், 100 பேருக்குக் கீழே இருந்தால் இந்தச் சட்டம் எனக்குப் பொருந்துமா?

வாய்தா (வியாழன், காலை 8.20)

புகார் அலுவலரை நியமிக்க வேண்டிய கட்டாயம்தான் 100 பேர் என்ற அளவோடு வருகிறது. தொற்றைக் காரணம் காட்டி ஒதுக்கக் கூடாது என்ற 3ஆவது பிரிவுக்கு ஆள் கணக்கு எதுவும் இல்லை. நான்கு மிஷின் வைத்திருந்தாலும் பொருந்தும். இன்னொன்றும் சொல்கிறேன். இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டுக்குப் பிடித்தம் கட்டுகிறீர்கள் அல்லவா? யாருக்காவது நோய் முற்றி நீண்ட நாள் படுக்க நேர்ந்தால், 91 நாள் வரை 70 சதவீதச் சம்பளம் வரும். நீண்டகால நோய்ப் பட்டியலில் எய்ட்ஸும் இருக்கிறது. தேவையான காலம் பணியில் இருந்தவர் என்றால் அதற்கு மேலும் 80 சதவீதச் சம்பளம் தொடரும். அந்தக் காலத்துச் சம்பளச் சுமை உங்கள் தலையில் விழாது.

பின்னலூர் (மூன்று வாரம் கழித்து, ஞாயிறு)

எல்லோருக்கும் பதில் சொல்லத் தாமதமாகிவிட்டது, மன்னிக்கவும்.

முதலாளியிடம் சட்டத்தைப் படித்துக் காட்டினேன். முகம் சுருங்கியது, ஒன்றும் சொல்லவில்லை. லாரிக்காரர் எழுதியதை என் போனில் அவரே வாங்கிப் படித்தார். படித்து முடித்துவிட்டு, "அரிசியை வாங்கவே இல்லையா அந்த அம்மா" என்று கேட்டார். அப்புறம் கணக்கு முடிக்கும் பேச்சே எழவில்லை.

லீவுச் சீட்டு விதியை எடுத்துவிட்டேன். மாதம் ஒரு நாள் மருத்துவ லீவுக்கு யாரும் காரணம் சொல்ல வேண்டியதில்லை, அட்டெண்டன்ஸ் போனஸிலும் கை வைப்பதில்லை. 180 பேருக்கும் இதேதான். மாவட்ட அலகிலிருந்து இருவர் வந்து மதியச் சாப்பாட்டுக்குப் பின் முக்கால் மணி நேரம் பேசினார்கள். மாஸ்டரிடம் முன்கூட்டியே கேட்டேன். "நடத்துங்க, ஆனா அன்னைக்கு நான் வரலை" என்றார். ஊசிக் கேள்வியை நானே எழுந்து கேட்டேன், வேறு யாரும் கேட்கவில்லை. போகிறேன் என்ற டெய்லர்களில் ஒருவர் போய்விட்டார், ஒருவர் இருக்கிறார். சரக்கு 25ஆம் தேதி ராத்திரி இரண்டு மணிக்குக் கிளம்பியது.

டைம் ஆபீஸ் கோப்பில் இருந்த அந்தச் சீட்டை எடுத்து மாஸ்டர் கையில் கொடுத்து மன்னிப்புக் கேட்டேன். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். காலையில் தலைசுற்றல் உண்டா என்று கேட்டேன், இல்லை என்றார். வேறு எதையும் நான் கேட்கவில்லை, அதனால் இங்கே எழுதவும் அதற்கு மேல் எதுவும் இல்லை.

இடம் மாற்றிக் கேட்ட பையன் இன்னும் திரும்பி வரவில்லை. துணி விரிக்க எதிர்முனையில் ஓர் ஆள் பிடித்தாக வேண்டும். இரண்டு வாரமாகக் காலையில் ஒரு மணி நேரம் நான்தான் பிடிக்கிறேன். சுருக்கம் விழுந்தால், "மேனேஜர் சார், இழுத்துப் பிடிங்க" என்று அதட்டுகிறார். நாளை முதல் புதிதாக ஒரு பையன் வருகிறான்.